செராய்த் தேநீரும் விருந்தின் மானமும்

ஒருவர் மற்றொருவருக்கு அளிக்கும் பொருளின் மதிப்பு அதன் விலையில் இருக்கிறதா, அன்றி அளிக்கின்ற முறையில் இருக்கிறதா என்னும் கேள்வி மிகப் பழமையானது. எனினும் பெரிய கேள்வியைப் பெரிய பொருளைக் கொண்டுதான் ஆராய வேண்டும் என்னும் நியதி எங்கும் இல்லை. பொன்னை உரைத்துப் பார்க்க ஒரு சிறு கல் போதும். ஆதலின், அரண்மனை விருந்துகளையும் கலியாணப் பந்திகளையும் விட்டுவிட்டு, நம் வீட்டுப் பின்கட்டில் கால்வாய் ஓரத்தில் வளரும் ஒரு புல்லையே நாம் உரைகல்லாக எடுத்துக் கொள்கிறோம். அப்புல்லைக் கொதிக்க வைத்து இறக்கிய நீரை வீட்டார் விரும்பிக் குடிக்கின்றனர். ஆனால் விருந்தினர் முன் வைப்பதற்கு நம்மவரிற் பலர் நாணுகின்றனர். அந்த நாணம் நியாயமானதா என்பதே நாம் இங்கே ஆராயப் புகும் விஷயம்.

தமிழில் எலுமிச்சைப் புல் என்றும் வாசனைப் புல் என்றும் வழங்கும் இதனைப் பேராக் மாநிலத்துத் தமிழர் 'செராய்' என்னும் மலாய்ப் பெயராலேயே அழைக்கின்றனர். பெயர் அண்டை வீட்டாரிடமிருந்து வந்தது. புல்லும் பெரும்பாலும் அவ்வாறே வந்தது. மலாய்க்காரர் தம் சம்பலுக்கும் ரெண்டாங்கிற்கும் இதன் வெண்மையான அடித்தண்டைக் கொள்வர். ஈப்போ நகரச் சந்தைகளில் கட்டுக் கட்டாக விற்கப்படுவதும் அத்தண்டே. மேலே உள்ள நீண்ட பச்சை இலைகளைச் சந்தையில் எவரும் விரும்பி வாங்குவதில்லை. அவ்வாறு கழிக்கப்படும் இலையே நம் பானத்திற்கு வேண்டிய பொருள்.

இதனை வளர்ப்பதில் வித்தை ஒன்றுமில்லை. இது பூப்பது அரிது. ஆகையால் விதைக்காக எவரும் காத்திருப்பதில்லை. தூற்றிலிருந்து வேரோடு ஒரு தண்டைப் பிரித்து வெயில் படும் இடத்தில் ஊன்றினால், சில மாதங்களில் ஆள் இடுப்பளவு உயர்ந்து அது தனித் தூறாகி விடும். தூறு பெருத்து நெருங்கினால் நடுவிலுள்ள தண்டுகள் நலிந்து போகும். அதனைப் பிரித்துப் பிறர்க்குக் கொடுத்தால் கொடுத்தவன் தூறும் செழிக்கும், பெற்றவன் கொல்லையும் நிறையும். கொடுப்பதனால் குறையாத செல்வம் கல்வி ஒன்றே என்று பள்ளியில் நமக்குக் கற்பித்தனர். அதற்கு அடுத்த இடத்தைச் செராய்த் தூற்றுக்குக் கொடுப்பதில் பிழையில்லை.

பானம் செய்யும் முறையும் எளிதே. நான்கு குவளைத் தண்ணீருக்கு இரண்டு தண்டும் ஒரு பிடி இலையும் போதும். இலையின் ஓரம் கத்தி போன்று கையைக் கிழிக்கும். ஆகையால் ஒரே திசையில் தடவி, நன்றாகக் கழுவி, மடித்து முடிச்சாகக் கட்டிக் கொள்ள வேண்டும். தண்டை அம்மியில் வைத்து ஒருமுறை நசுக்க வேண்டும். நசுக்காத தண்டு தன் மணத்தை உள்ளேயே வைத்துக் கொள்ளும். தண்ணீர் கொதித்தவுடன் இவற்றை இட்டு, விரல் அளவு இஞ்சியையும் தட்டிப் போட்டு, மூடி வைத்துப் பத்து நிமிடம் சிறு தீயில் விட வேண்டும். மூடுவதை மறத்தலாகாது. இதன் மணத்திற்குக் காரணமான சிட்ரால் என்னும் எண்ணெய்ப் பொருள் ஆவியோடு ஓடிவிடும் இயல்புடையது. திறந்த சட்டியில் காய்ச்சியவன் மணத்தைக் கூரைக்குக் கொடுத்துவிட்டு வெந்நீரைத் தான் குடிப்பான். எலுமிச்சையின் தோலில் உள்ளதும் இச்சிட்ராலே. புல்லுக்கு அப்பெயர் வந்ததும் அதனாலேயே. இறக்கி வடிகட்டிய பின், கருப்பட்டியோ மலாக்காச் சர்க்கரையோ சிறிது சேர்க்கலாம், சேர்க்காமலும் குடிக்கலாம். வெளிறிய பொன்னிறத்தில், மழைக்குப் பிந்திய கொல்லையின் வாசனையோடு அது குவளையில் இறங்கும். தேயிலை இதில் இல்லை. ஆதலால் இரவில் குடித்தாலும் உறக்கத்தைக் கெடுக்கும் பொருள் இதில் இல்லை.

இன்பம் இவ்வளவே. ஆனால் இவ்வளவு இன்பமே போதும் என்று நம்மவர் அமைவதில்லை. ஒரு பொருளைப் புகழ்வதற்கு அது நோயைத் தீர்க்கும் என்று சொல்லியே ஆக வேண்டும் எனக் கருதுவார் உளர். செராய் நீர் புற்றுநோயைக் கரைக்கும் என்னும் செய்தி கைத்தொலைபேசி வழியாக வீட்டுக்கு வீடு பரவுகிறது. இதன் மூலம் யாதெனின், 2005ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டுப் பென் குரியோன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் வெளியிட்ட ஓர் ஆய்வு. சோதனைச் சாலையில் வளர்த்த புற்றணுக்களைச் சிட்ரால் மாய்த்தது என்று அவர்கள் கண்டனர். கண்ணாடிக் கிண்ணத்தில் நடந்தது மனித உடலில் நடக்கும் என்பதற்கு அது சான்றாகாது. மனக்கலக்கத்தைத் தணித்து உறக்கத்தைத் தரும் என்னும் நம்பிக்கையையோ பிரேசில் நாட்டார் 1986ஆம் ஆண்டிலேயே மனிதரிடம் சோதித்துப் பார்த்தனர். ஒரு சாராருக்குச் செராய்ப் பானத்தையும் மற்றவர்க்கு வேறு பானத்தையும், இன்னது என்று அறிவியாமல் கொடுத்தபோது அத்தகைய பயன் காணப்படவில்லை, கேடும் காணப்படவில்லை. நோயாளி மருத்துவரிடம் போகட்டும். பானம் பானமாகவே இருக்கட்டும். ஒன்றை உள்ளவாறு நேசிப்பதற்கு அதன்மேல் பொய்யை ஏற்ற வேண்டியதில்லை.

நிற்க. வீட்டார் விரும்பிக் குடிக்கும் இப்பானம் விருந்தினர் வந்தவுடன் அடுப்பங்கரைக்குள் ஒளிந்து கொள்வது ஏன்? வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் பையன் கடைக்கு ஓட்டப்படுகிறான். புட்டியில் அடைத்த வண்ண நீரோ, டின் பாலும் சீனியும் கனத்த தேத்தண்ணீரோ, ஈப்போ நகரம் பேர் பெற்ற வெள்ளைக் காப்பிப் பொட்டலமோ வந்து சேர்கிறது. மாதக் கடைசியாயின் கடன் புத்தகத்தில் ஒரு வரி கூடுகிறது. காரணம் கேட்டால், "வந்தவர்க்குப் புல் தண்ணியா கொடுப்பது?" என்பர். புல்லின் குற்றம் கசப்பன்று, கார்ப்பன்று. அது காசு கொடுக்காமல் கிடைத்தது என்பதே அதன் குற்றம்.

தேயிலைப் பானமும் ஒரு காலத்தில் நம்மவர்க்கு அந்நியமாகவே இருந்தது என்பதை இவர்கள் எண்ணுவதில்லை. இலங்கையில் 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வாணிபப் பயிராக நட்டார். பின்னர்க் காப்பிப் பயிர் நோயால் அழிய, மலைகளெல்லாம் தேயிலையாயின. அதனைக் கொழுந்தெடுத்தவர் தமிழர். குடித்தவர் கடல் கடந்தவர். பிற நாட்டில் விலை சரிந்த பின்னரே இந்நாட்டாரையும் குடிக்கப் பழக்க வேண்டும் என்னும் எண்ணம் வலுத்தது. 1930களில் இந்தியாவில் தேயிலை விற்பனையைப் பெருக்க அமைந்த கழகத்தார் ஊர் ஊராகச் சென்று இலவசமாகக் காய்ச்சிக் கொடுத்துப் பழக்கினர். இங்கே தாப்பாவிலிருந்து மலையேறினால் வரும் கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டில் போ தோட்டம் தொடங்கப்பட்டது. அங்கும் கொழுந்தெடுத்த கைகள் தமிழ்க் கைகளே. தேயிலையை நாம் பழிக்கவில்லை. நாள்தோறும் குடிக்கவே செய்கிறோம். விருந்தின் மானம் தேயிலையில்தான் இருக்கிறது என்னும் எண்ணம் முன்னோர் வழி வந்ததன்று, விளம்பரத்தின் வழி வந்தது என்பதையே சுட்டுகிறோம்.

இனி விலையை மதிப்பின் அளவுகோலாகக் கொள்வதன் முடிவு யாது என்று பார்ப்போம். பேராக் மண்ணில் இதற்கு வெளிப்படையான சான்று உண்டு. 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ஒன்பது ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று இன்றும் நிற்கிறது. அதன் இனம் பெருகிக் காடுகள் தோட்டங்களாயின. தோட்டங்களுக்காக நம் மூதாதையர் கப்பலேறினர். பொழுது விடியுமுன் பெரட்டில் நின்று, பால் வற்றுமுன் மரம் வெட்டி, வாளி சுமந்தனர். அந்தப் பாலின் விலையைத் தூர தேசத்துச் சந்தை தீர்மானித்தது. 1930 முதல் 1932 வரை விலை பாதாளத்தில் வீழ்ந்தபோது, பல்லாயிரக் கணக்கான தமிழ்த் தொழிலாளர் வேலை இழந்து இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். மரம் அதே மரம். உளி பிடித்த கையும் அதே கை. அக்கையின் திறமை ஓர் அணுவும் குறையவில்லை. ஆயினும் கணக்குப் புத்தகத்தில் அவர்கள் வேண்டாத செலவாக மாறினர்.

தோட்டக் காரியாலயத்தில் கணக்கெழுதிப் பிழைப்பவர் என்ற முறையில் நாம் இதனைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். ஏட்டில் எழுதும் தொகை, பொருளுக்குச் சந்தை கொடுப்பதைக் காட்டும். அப்பொருள் யாது என்பதைக் காட்டாது. விலையே மதிப்பு என்று ஒப்புக் கொள்பவன், 1930ஆம் ஆண்டில் நம் பாட்டனுக்கு மதிப்பில்லை என்பதையும் ஒப்புக் கொண்டவனாகிறான். பாட்டனை அவ்வாறு எடை போட்டவர்மேல் நமக்குச் சினம் வருகிறது. அதே தராசை நம் அடுப்பங்கரையில் வைத்துக்கொண்டு, நம் கொல்லைப் புல்லை நாமே எடை போடுவது எவ்வகையில் நியாயம்?

விலையில் இல்லையென்றால் விருந்தின் மானம் எங்கே இருக்கிறது? வள்ளுவர் விருந்தோம்பலைக் குறளின் ஒன்பதாம் அதிகாரமாக இல்லறவியலில் வைத்தார். அதன் பொருள் ஆழமானது. விருந்து என்பது வீட்டுக்கு உரியது. வீடு தன்னுடையது என்னும் நிலையும், கதவைத் திறந்து 'வாருங்கள்' என்று சொல்லும் உரிமையும் உள்ளவனே விருந்தளிக்க முடியும். அவ்வுரிமை இல்லாதவனிடம் பாற்சோறே இருந்தாலும் அவன் விருந்தளிப்பவன் ஆகான்.

இந்நாட்டுத் தோட்டத் தொழிலாளிக்கு அவ்வுரிமை தானாகக் கிடைத்ததன்று. லயம் தோட்டத்தாருடையது, லயத்துக்குப் போகும் பாதையும் தோட்டத்தாருடையது. உறவினன் ஒருவன் பார்க்க வந்தாலும் நுழைவதற்கு மேலிடத்து அனுமதி வேண்டியிருந்தது. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை நோக்குக. கூலி உயர்வு கேட்டனர். பிள்ளைகளுக்குக் கல்வியும் நோயாளிகளுக்கு மருத்துவமும் கேட்டனர். கள்ளுக் கடைகளை மூடச் சொன்னார்கள். இவற்றோடு இன்னும் இரண்டு கேட்டனர். துரையையும் கிராணியையும் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது ஒன்று. உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்து போக வேண்டும் என்பது மற்றொன்று. அவ்வேலைநிறுத்தத்தை அடக்கப் பட்டாளம் வரவழைக்கப்பட்டது.

நேயர்கள் இங்கே சற்று நின்று எண்ண வேண்டும். வயிற்றுக்குப் போதாத கூலி வாங்கியவர்கள், வீட்டுக்கு விருந்தினர் வரும் உரிமையையும் கூலியோடு சேர்த்துக் கேட்டார்கள். வருபவர்க்கு அவர்கள் எதைக் கொடுத்திருக்கக் கூடும்? பாலும் பழமுமா? கொல்லையிலும் கடனிலும் கிடைத்ததைத்தான் கொடுத்திருப்பர். அதனைக் கொடுக்கும் உரிமைக்காகவே வேலையையும் உயிரையும் பணயம் வைத்தனர். அவர்களுடைய பேரப் பிள்ளைகளாகிய நாம், அவ்வுரிமை கைக்கு வந்த பின்னர், கொடுக்கும் பொருள் மலிவானது என்று கதவருகில் தயங்கி நிற்கிறோம்!

கொடுப்பவன் மானத்தைப்பற்றிச் சொன்னோம். வாங்குபவன் கடமையையும் சொல்ல வேண்டும். பருகும் நீர் மனிதரைப் பிரிக்கும் கருவியாகவும் பயன்பட்டிருக்கிறது. 1927ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் மகாடு நகரில் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக் கணக்கானவரோடு சென்று பொதுக்குளத்து நீரை அள்ளிப் பருகியது தாகத்துக்காக அன்று. தமிழ்நாட்டில் பல ஊர்த் தேநீர்க் கடைகளில் சாதிக்கொரு குவளை வைத்த கொடுமை, 1950ஆம் ஆண்டில் இந்திய அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்த பின்னும் நெடுங்காலம் நீடித்தது. கடல் கடந்து வந்த நம்மவர் அக்குவளைகளை முற்றிலும் அங்கேயே விட்டு வந்தார்கள் என்று சொல்ல இயலுமா? கிராணி வீட்டுத் திண்ணை வேறு, லயத்து வாசல் வேறு என்னும் எண்ணம் இங்கே சாதியோடு சம்பளத்தையும் சேர்த்துக் கட்டிக் கொண்டது. நான்கு எழுத்து ஆங்கிலம் படித்த நம்போன்றார் லயத்து வீட்டுக்குப் போனால், "இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன்" என்று சொல்லும் பொய் எத்தனை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது! அப்பொய்யைக் கேட்டு அவ்வீட்டு அம்மாள் பேசாமல் குவளையை உள்ளே எடுத்துப் போவாள். ஏன் மறுக்கப்பட்டது என்பது அவளுக்குத் தெரியும், சொன்னவனுக்கும் தெரியும். விலையுயர்ந்த பானத்தை ஏற்பதில் ஆசையும் கலந்திருக்கலாம். விலையில்லாத பானத்தை ஏற்கும்போது ஏற்கப்படுவது கொடுத்தவரே. ஆகையால் ஒருவனுடைய சமத்துவக் கொள்கையை அறிய அவன் மேடைப் பேச்சைக் கேட்பதைவிட, லயத்து வாசலில் ஒரு குவளைச் செராய் நீரை அவனிடம் நீட்டிப் பார்ப்பது நல்ல சோதனை.

இங்கே ஒரு தடை எழும். அது வலிமையான தடையே. "ஏழையைப் பார்த்து எளிமையே இன்பம் என்று உபதேசிப்பது பழைய தந்திரம் அல்லவா? புல் தண்ணீரே அமுதம் என்று பாடி அவனை அடக்கி வைப்பதால் யாருக்கு இலாபம்?" என்று கேட்பார் கேட்கட்டும். கேட்பது சரியே. வேறு வழியில்லாமல் குடிப்பவனிடம் சென்று அதன் பெருமையைப் பேசுபவன் அவனை ஏமாற்றுகிறான். தீபகற்ப மலேசியாவில் மாதம் 900 ரிங்கிட் என்னும் குறைந்தபட்ச ஊதியம் 2013ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. 2025ஆம் ஆண்டில் அது 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. தோட்டங்கள் தோன்றி நூறாண்டுக்கு மேல் கழிந்த பின்னரே சட்டம் இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது. ஆகையால் கூலியைக் கேட்க வேண்டிய இடத்தில் செராயைப்பற்றிப் பேசுவது குற்றம். தேயிலையும் பாலும் வாங்கும் வசதி ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும். இருந்தும் ஒருவன் புல்லின் மணத்தை விரும்பித் தேர்ந்தால் அது இன்பம். இல்லாமையால் குடித்தால் அது இல்லாமையே. அதற்கு வேறு பெயர் சூட்டுவது அறமாகாது. நாம் ஒழிக்க வேண்டும் என்று கூறுவது வறுமையின்மேல் வரும் கோபத்தை அன்று. வறியவன் தன் கொல்லையைப் பார்த்துக் கொள்ளும் வெட்கத்தை. வெட்கம் உள்ளவன் தலை குனிவான். தலை குனிந்தவன் கூலியையும் உரக்கக் கேட்கமாட்டான்.

மற்றொரு செய்தியையும் மறைக்காமல் கூற வேண்டும். விருந்தின் மானம் விலையில் இல்லை, உழைப்பிலும் அன்பிலும் இருக்கிறது என்று சொல்லுகின்ற ஆண்மகன், அந்த உழைப்பு யாருடையது என்று பார்ப்பதுண்டா? தோட்டத்தில் பெண்ணும் ஆணோடு பால் வெட்டினாள். நெடுங்காலம் அவனைவிடக் குறைந்த கூலி பெற்றாள். பெரட்டுக்குமுன் அடுப்பை மூட்டியவளும் அவளே. புல்லை அறுத்து, கையைக் கிழித்துக் கொண்டு, நசுக்கி, காய்ச்சி, வடித்துக் கொடுப்பவள் ஒருத்தி. நாற்காலியில் சாய்ந்து அதன் மணத்தைப் புகழ்பவன் ஒருவன் என்றால், வீட்டுக்குள்ளேயே இரண்டு குவளை முறை நடக்கிறது என்பதே பொருள். பானம் செய்யும் முறையை மேலே விரிவாக எழுதினோம். அது பெண்களுக்காக எழுதப்பட்டது என்று எண்ணி அப்பகுதியைத் தாண்டிச் சென்ற ஆண் நேயர்கள் திரும்பப் போய்ப் படிக்குமாறு கேட்டுக் கொள்கிறோம். தண்ணீர் கொதிப்பதற்கு மூட்டியவர் ஆணா பெண்ணா என்பது தேவையில்லை.

இன்று பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களிற் பல செம்பனைத் தோட்டங்களாகவும் வீட்டு மனைகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்டன. சுங்கை சிப்புட்டிலும் ஈப்போ நகரின் புறப்பகுதிகளிலும் அடுக்கு மாடி வீடுகளில் நம்மவர் குடியேறியுள்ளனர். கொல்லை போயிற்று, கால்வாய் ஓரம் போயிற்று. ஆனால் செராய் போகவில்லை. சாய வாளியிலும் உடைந்த தொட்டியிலும் மண் இட்டு, மாடி நடைபாதையில் அதனை வைத்திருப்போரைக் காண்கிறோம். தோட்டத்திலிருந்து வெளியேறும்போது மரத்தையும் மனையையும் எடுத்து வர இயலாதவர்கள் ஒரு தூற்றை மட்டும் எடுத்து வந்தனர். அடுத்த வீட்டில் இருப்பவர் எந்தத் தோட்டத்தார், எந்த இனத்தார் என்று அறியாத அந்நெடிய நடைபாதைகளில், அறிமுகத்துக்கு ஒரு தண்டு செராயைவிட எளிய வழி நமக்குத் தோன்றவில்லை. பெயரை மலாய் அயலாரிடமிருந்து வாங்கிய நாம், தண்டை அவர்க்குத் திருப்பிக் கொடுப்பதும் தகுந்த கைம்மாறே.

ஆதலின் நேயர்களே, விருந்தினர் வந்தால் பையனைக் கடைக்கு ஓட்டுமுன் கொல்லையை நோக்குங்கள். உள்ளதைக் காய்ச்சுங்கள், எல்லோருக்கும் ஒரே வகைக் குவளையில் ஊற்றுங்கள், காய்ச்சியவரும் உடன் உட்கார்ந்து குடிக்கட்டும். பிறர் வீட்டுக்குப் போனால், அது துரை பங்களாவானாலும் லயத்து வாசலானாலும், நீட்டியதை வாங்கிக் குடியுங்கள். நம் பாட்டனார் கேட்டுப் பெற்ற உரிமை இது. அதனை வெட்கத்துக்கு விற்காமல் ஆண்டு அனுபவிப்போமாக.